காற்றின் விளிம்பு

ஆனி பிறந்து ஆவணி கழியும் வரையில், காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவனுக்குக் காற்று என்பது பஞ்சபூதங்களுள் ஒன்றென்று ஏட்டில் படித்து அறிந்த தத்துவமாக இருப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் திறந்து கிடக்கும் அந்த இடைவெளிக்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, இருபுறத்து மலைகளாலும் ஒடுக்கப்பட்டு, ஒடுக்கப்பட்டதனாலேயே வேகம் மிகுந்து வருகிறபோது, அது மார்பில் கைவைத்துத் தள்ளுகிற, கழுத்தைப் பிடித்து உலுக்குகிற பிரத்தியட்ச வஸ்துவாகவே அவன் எதிரில் வந்து நிற்கிறது. முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகளை நிறுத்தியவர்கள் அந்தப் பிரவாகத்தின் பலத்தை மின்சாரமாகக் கணக்கிட்டார்கள்; வண்டியோட்டி அதைத் தன் கழுத்து நரம்புகளால் கணக்கிடுகிறான். மணிக்கு 60 கிலோமீட்டரில் அவன் வந்துகொண்டிருக்க, எதிர்க்காற்று 40 கிலோமீட்டரில் வீசுமானால், அவன் உடல் சந்திப்பது 100 கிலோமீட்டர் வேகத்துக் காற்று. காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தையொட்டி வளர்வதாகையால், காற்றில்லாத நாளில் அதே ஓட்டத்தில் தாங்கியதைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு பாரத்தை அவன் மார்பும் தோளும் தாங்கவேண்டியிருக்கிறது. ஆகவே, விளக்குக்கு மேலே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளவேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்தில் வண்டியோட்டுகிறவர்களுக்கு அலங்காரத்தின்பொருட்டு எழுவதன்று.

அந்த ஆசையால் உந்தப்பட்டுக் கடையிலிருந்து வாங்கி மாட்டுகிற விண்ட்ஷீல்டு பெரும்பாலும் உயரமானதாகவே இருக்கும். உயரம் மிகுந்தால் காப்பும் மிகும் என்பது வாங்குகிறவன், விற்கிறவன் இருவருக்குமே ஐயத்துக்கு இடமில்லாத நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு கணவாயில் இறங்கிப் பார்க்கும்போது விநோதமான ஓர் அனுபவம் வாய்க்கிறது. மார்புக்கு அமைதி கிடைத்துவிடுகிறது. தலைக்கோ முன்பிருந்த அமைதியும் போய்விடுகிறது. கண்ணாடியே இல்லாத காலத்தில் ஒரே சீரான அழுத்தமாக வந்துகொண்டிருந்த காற்று இப்போது ஹெல்மெட்டை இடமும் வலமும் மாறிமாறிக் குத்துகிறது. எதிரே வரும் லாரியின் நம்பர் பலகை எழுத்துத் தெரியாமல் நடுங்குகிறது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்த பின்பும் காதுக்குள் இரைச்சல் நெடுநேரம் தங்கியிருக்கிறது. அந்நிலையில் கால்மிதிகளின்மேல் ஊன்றி உடலை ஒரு சாண் உயர்த்தினால், தலை கலக்கமற்ற காற்றுக்குள் போய்ச் சேர்ந்து குலுக்கல் சட்டென்று அடங்குகிறது. குனிந்து கண்ணாடியின் மறைவுக்குள் தலையைக் கொண்டுபோனாலும் அடங்குகிறது. இரண்டுக்கும் இடையில், இயல்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிலையில்தான் அது ஓயாமல் அடிக்கிறது.

காப்பின் நடுவில் காற்று சாந்தமாக இருக்கிறது. காப்புக்கு வெளியே அது பலமாகவும், ஆனால் ஒழுங்காகவும் இருக்கிறது. அது மூர்க்கம் கொள்வது காப்பு முடிகிற விளிம்பில்தான். இதன் காரணம் சூட்சுமமானதே தவிர ரகசியமானதன்று. கண்ணாடியின் முகத்தையொட்டி மேலேறி வருகிற காற்று மேல்விளிம்பை அடைந்ததும் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் கழன்று போகிறது. கழன்று விரையும் அந்தக் காற்றுக்கும், கண்ணாடியின் பின்னால் ஏறக்குறைய அசைவற்றுத் தேங்கி நிற்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகவித்தியாசம் ஒரு மெல்லிய படலமாகக் கிளம்பி, சுருண்டு, சுழல்களாக உடைந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி வருகிறது. வருகிற வழியில் நேர் எதிரே மனிதனின் தலை இருக்குமானால் அத்தனை சுழல்களும் அதன்மேல்தான் உடைகின்றன. கண்ணாடியின் பின்புறத்தில் அழுத்தம் குறைந்திருப்பதால் இந்தப் படலம் உள்நோக்கி வளைந்து இன்னும் கலங்குகிறது. அடிப்பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சிறிது காற்றை உள்ளே அனுமதித்தால் கலக்கம் தணிவதும் இதனால்தான். தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், முழுவதும் தடுக்க முற்படாமல் கொஞ்சம் வழிவிடுகிறபோதுதான் தன் காரியத்தைச் செவ்வனே செய்கிறது என்ற இந்த உண்மை என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது.

பெரிய நிறுவனங்கள் இந்தப் படலத்தைப் பிடித்து வைத்து ஆராய்ந்திருக்கின்றன. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி 1950-ல், மாந்தெல்லோ தெல் லாரியோ என்ற ஏரிக்கரை ஊரிலுள்ள தன் தொழிற்சாலைக்குள்ளேயே, முழு மோட்டார் சைக்கிளையும் அதன்மேல் அமர்ந்த மனிதனையும் நிறுத்திச் சோதிக்கக்கூடிய காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டிற்று. 1976-ல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முகப்பு பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்டது. அந்த முயற்சிகளின்பால் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆயினும் சுரங்கத்துக்குள் அமர்ந்த மனிதன் யாரோ ஒருவன். அவன் இடுப்பிலிருந்து கண் வரையுள்ள உயரமும், அவன் முதுகு வளைகிற விதமும், அவன் ஹெல்மெட்டின் வடிவமும் நம்முடையவை அல்ல. கடையில் தொங்கும் கண்ணாடி சராசரி மனிதன் ஒருவனுக்காக வார்க்கப்படுகிறது. அந்தச் சராசரி மனிதனோ எந்த ஊரிலும் வண்டியோட்டுவதில்லை. கண்ணாடியின் கடைசி அங்குலத்தை நிர்ணயிக்கும் உரிமையும் கடமையும் அதன் பின்னால் உட்காருகிறவனுக்கே உரியவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிர்ணயிப்பதற்கு வழிகள் இரண்டு உண்டு. தலை முழுவதும் மறைவுக்குள் அடங்கும்படி விளிம்பை உயர்த்துவது ஒன்று; சுழல்கள் தோளிலும் கழுத்தடியிலும் உடைந்து, தலை கலங்காத காற்றில் நிற்கும்படி விளிம்பைத் தாழ்த்துவது மற்றொன்று. குளிர்தேசத்தார் முதல் வழியை விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. பங்குனி வெயிலில் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடையில் உயரமான கண்ணாடியின் பின்னால் காற்றின்றி வெந்தவர்களுக்கு இரண்டாவது வழியின் நியாயத்தை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், கண்ணாடியை ஊடுருவிப் பார்த்து வண்டியோட்டுவது விவேகமன்று. பூச்சியும் புழுதியும் படிந்து, நுண்ணிய கீறல்கள் விழுந்த தகட்டின்மேல் இரவில் எதிர்விளக்கு பட்டால் அது ஒரு வெண்திரையாகிவிடும். மழையில் அதைத் துடைக்க ஏற்பாடும் இல்லை. பார்வை எப்போதும் விளிம்புக்கு மேலாகவே சாலையை அடையவேண்டும்.

அளப்பதற்கு நான் கைக்கொண்ட யுக்தி விமானப் பொறியாளர்கள் பலகாலமாகக் கையாள்வது. ஒரு விரல் நீளமுள்ள கம்பளி நூல் துணுக்குகளை மார்புப் பித்தானிலிருந்து ஹெல்மெட்டின் நெற்றி வரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, காலையில் போக்குவரத்து இல்லாத வேளையில் நான் ஓட்டி வர, என் தம்பி மகன் மற்றொரு வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து, பக்கவாட்டில் சற்று விலகி வந்து பார்த்தான். “பெரியப்பா, நெஞ்சுல இருக்கிற நூல் அசையவே இல்லை. ஹெல்மெட்டுல இருக்கிறதுதான் நாலு பக்கமும் சுத்துது” என்றான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒட்டிய நூல்களின் தயவால், எங்கே தூங்குகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே வெறிகொள்கிறது என்று இன்ன அங்குலம் எனச் சுட்டிக்காட்டும்படி வெளிப்பட்டுவிட்டது. அந்த வெறிகொண்ட பட்டையைத் தாடைக்குக் கீழே இறக்கவேண்டும். அதற்கு எவ்வளவு வெட்டவேண்டும் என்பதை ஒரே மூச்சில் தீர்மானிக்காமல், இரண்டு விரற்கிடை வெட்டுவதும் மறுபடி நூல் ஒட்டிப் பார்ப்பதுமாகச் செல்வதே முறை. வெட்டாததை நாளை வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை எவராலும் வளர்க்க முடியாது.

வெட்டப்போகும் பொருள் எது என்ற கேள்வி இங்கே குறுக்கிடுகிறது. கண்ணாடி என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது கண்ணாடியன்று. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் என்னும் இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்று. அக்ரிலிக்கை 1933-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து நிறுவனம் ஒன்று ப்ளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவு செய்தது. அதே பொருள் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரோடு யுத்த விமானங்களின் கூரையாயிற்று. அந்தக் கூரைகள் சிதறியபோது அவற்றின் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்து தங்கியிருந்தும் கண் அவற்றை விரோதிக்கவில்லை என்பதைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற வைத்தியர், 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், புரை விழுந்த கண்ணுக்குள் அதே பொருளால் செய்த வில்லை ஒன்றை முதன்முதலாக வைத்தார். மதுரையில் 1992-ல் தொடங்கப்பட்ட அரோலேப், அத்தகைய வில்லைகளை எளியோர்க்கும் எட்டும் விலையில் செய்துகொடுத்தது. நம் வீடுகளில் மாலைப் பத்திரிகையைக் கையில் வைத்து வாசிக்கிற முதியவர் பலரின் கண்ணுக்குள் இருப்பதும், நான் ரம்பத்தின் அடியில் வைத்த அக்ரிலிக் தகடும் ஒரே வஸ்துதான். இதை அறிந்த பிறகு அந்தத் தகட்டை அசிரத்தையாகக் கையாள எனக்கு மனம் வரவில்லை.

பாலிகார்பனேட் பிந்திப் பிறந்தது. 1953-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும், ஒருவரையொருவர் அறியாமலே அதைக் கண்டடைந்தார்கள். அடித்தாலும் உடையாதது, ஆனால் நகம் பட்டாலும் கீறல் விழக்கூடிய மென்மை உடையது, ஆகையால் மேலே கடினப் பூச்சு ஒன்று கொடுத்து விற்கிறார்கள். அக்ரிலிக்கோ கீறலைச் சுலபத்தில் ஏற்காது. ஏற்றாலும் தேய்த்து மெருகேற்றினால் மறையும். ஆனால் அவமதித்தால் பிளந்துவிடும். வெட்டும்போது பொடியாகவும் சில்லாகவும் உதிர்வது அக்ரிலிக். சுருள்சுருளாக வருவது பாலிகார்பனேட். வெட்டியெடுத்த துண்டை இடுக்கியில் பிடித்து மடக்கினால் முன்னது ஒடியும், பின்னது வளையும். இத்தனை பேதமுள்ள இரண்டும் கடையில் ஒரே உறையில், ஒரே பெயரில் கிடக்கின்றன.

வெட்டும் வேலையை எங்கள் தெருவிலுள்ள தச்சுப் பட்டறை ஒன்றின் மேஜையில் வைத்துக்கொண்டேன். தகட்டின்மேல் ஒட்டியிருந்த காப்புத்தாளை நீக்காமல், அதன்மேல் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டையில் பாதி வடிவத்தை மட்டும் வரைந்து நடுவில் மடித்து வெட்டியெடுத்த மாதிரியை வைத்துக் கோடு இழுத்தேன். அப்படி மடித்து வெட்டினாலன்றி இடமும் வலமும் ஒன்றாக அமைவதில்லை. நான் ஜிக்சாவைக் கையில் எடுத்ததும் பட்டறைக்காரர், “தம்பி, மரம்னு நினைச்சு வேகமா விட்டுராதீங்க. சூடேறிச்சுன்னா பின்னாடியே ஒட்டிக்கிட்டு வரும்” என்றார். “அப்ப எப்படி அண்ணாச்சி?” என்றேன். “பிளேடு தானா நடக்கணும், நீங்க கூடப் போகணும், அவ்வளவுதான்.” அவர் சொன்னது அட்சரம் தவறாத உண்மை. பல் நெருக்கமான பிளேடைப் போட்டு, குறைந்த வேகத்தில் ஓட்டி, வெட்டுக்கோட்டுக்கு இருபுறமும் தகடு அதிராதபடி பலகைத் துண்டுகளோடு சேர்த்துக் கிளாம்ப் இறுக்கிவிட்டால், அக்ரிலிக் மிகச் சாதுவாக வழிவிடுகிறது. அவசரப்படுத்தினால் உருகி, பிளேடு கடந்த மறுகணமே பின்னால் ஒட்டிக்கொள்கிறது. கடைசி இரண்டு அங்குலத்தில் தொங்கும் துண்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாவிட்டால் அதன் பாரமே தகட்டைப் பிளந்துவிடும். தாங்கிப் பிடித்தது அண்ணாச்சியின் கை.

மூலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோணம் கூர்மையாக முடிகிற உள்மூலையில் அழுத்தம் பன்மடங்காகத் திரளும் என்பதைச் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற பொறியியல் அறிஞர் 1913-ல் கணிதத்தால் நிறுவினார். 1954-ல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு வானிலேயே உடைந்து கடலில் வீழ்ந்தபோது நடந்த விசாரணை, சதுரம் சார்ந்த திறப்புகளின் மூலைகளை ஒட்டிப் பிளவு தொடங்கியதைக் கண்டறிந்து, அந்தக் கணிதத்துக்குக் கொடிய உதாரணம் ஒன்றைச் சேர்த்தது. விளக்கைச் சுற்றி வளைந்து இறங்கும் இந்தச் சிறு தகட்டுக்கும் அதே நியதிதான். ஆகவே, உள்மூலை வருகிற இடத்தில் முதலில் வட்டமாகத் துளையிட்டு, அந்தத் துளையில் வந்து முடியும்படிதான் ரம்பத்தை ஓட்டவேண்டும். ரம்பம் விட்டுச்சென்ற ஒவ்வொரு பல்தடமும் நாளைய பிளவின் வித்து என்று எண்ணி அதை அரத்தாலும் வாட்டர் பேப்பராலும் நீக்கவேண்டும். போல்ட் துளைகளையும் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகவே இடவேண்டும். அக்ரிலிக் வெப்பத்தில் எஃகைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறு மடங்கு விரிகிறது. அரை மீட்டர் அகலமுள்ள தகடு, விடியற்காலைக்கும் உச்சி வெயிலில் நிறுத்திய வேளைக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசத்தைச் சந்தித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். ரப்பர் வாஷர் இட்டு, கையால் இறுக்கியதற்குச் சிறிதே அதிகமாக இறுக்கினால் போதும். அசைய இடமில்லாமல் முறுக்கப்பட்ட தகடு, ஓடாமல் நின்ற இடத்திலேயே துளையிலிருந்து வெடித்துவிடும்.

கீழ்மூலைகள் இரண்டும் கைப்பிடியை முழுதாகத் திருப்பும்போது பிரேக் குழாயில் உரசியதால் அவற்றைச் சற்றே வெளிப்புறமாக வளைக்கவேண்டியிருந்தது. ஸ்டிக்கர் கடைகளில் வைத்திருக்கும் ஹீட் கன் அதற்குப் போதுமானது. அக்ரிலிக் 105 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கி, 150 டிகிரி அளவில் சொன்னபடி கேட்கிறது. ஓரிடத்திலேயே சூட்டை நிறுத்தாமல், இருபுறமும் மாறிமாறிக் காட்டி, மிருதுவான துணி சுற்றிய மரக்கட்டையின்மேல் பதியவைத்து, ஆறும்வரை கையை எடுக்காமல் பொறுத்திருக்கவேண்டும். வார்ப்பு அக்ரிலிக்கின் ஆச்சரியகரமான குணம் ஒன்று இங்கே வெளிப்படுகிறது: வளைத்த பகுதியை மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றும் செய்யாமல் விட்டால், அது மெல்ல மெல்லத் தன் ஆதி வடிவத்துக்கே திரும்புகிறது. வெட்டிய துண்டில் இதை நான் செய்து பார்த்தேன். மடங்கியிருந்த துண்டு, எவரும் தொடாமலே, உறக்கத்திலிருந்து எழுகிற குழந்தையைப் போலச் சோம்பல் முறித்துக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைப் பையன்கள் மறுபடி மறுபடி செய்யச் சொன்னார்கள். பாலிகார்பனேட்டுக்கு இந்த உபசாரம் ஆகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், மணிக்கணக்கில் உலர்த்தாமல் சூட்டில் காட்டினால் உள்ளே குமிழ் கிளம்பிப் பாழாகும்.

கடைசி வேலை விளிம்பை மழுக்குவது. இதில்தான் அதிக நேரம் செலவாயிற்று, செலவானது தகும். கத்தியின் முதுகால் சுரண்டி, 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று நீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டு போனால், முதலில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்த விளிம்பு படிப்படியாகப் பனிமூட்டமாகி, பின்பு தெளிந்து, இறுதியில் ரப்பிங் காம்பவுண்டு பட்டதும் தகட்டின் உட்புறம் முழுவதையும் குறுக்கே காட்டுகிற ஒளிக்கோடாகிறது. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. வண்டி மோதி ஓட்டியவன் முன்னே எறியப்பட்டால் அவன் கழுத்து சந்திப்பது இந்த விளிம்பைத்தான்.

இப்போது கணவாயில் வருகையில் தோள்பட்டைத் துணி படபடக்கிறது; தலை நிற்கிறது. இரைச்சல் முற்றிலும் ஒழியவில்லை, ஆனால் அது சீரான இரைச்சல். லாரியின் நம்பர் பலகையை வாசிக்க முடிகிறது. மழைத்துளி ஹெல்மெட் வைசரில் தங்காமல் காற்றோடு ஓடிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கினால் கழுத்தில் வலி இல்லை. வீட்டில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள், வெட்டிய துண்டை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்; சூடோ மெருகோ எதுவானாலும் முதலில் அதில் செய்து பாருங்கள். தகட்டைச் சோப்பு நீரால் மட்டுமே கழுவுங்கள். பெட்ரோல் பட்டால் பாலிகார்பனேட் உள்ளுக்குள் வலைவலையாக விரிசல் விடும், அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் பகை.

இவற்றைச் செய்து விற்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. நான் பார்த்த முன்கண்ணாடிகள் பலவற்றில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, பொருளின் பெயர் இல்லை. ஒன்றுக்கு ஆகிற மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாக இருக்கிற இரண்டு பொருள்களை விற்கிறீர்கள். வாங்கியவன் அதைக் கழுவவும் வளைக்கவும் வெட்டவும் வேண்டியிருக்கிறது. அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா என்ற ஒற்றைச் சொல்லைக் கீழ்மூலையில், நிச்சயமாக வெட்டப்படாத இடத்தில், தமிழிலும் அச்சிட்டுத் தாருங்கள்.